வழக்கிழந்த ஆங்கிலச் சொற்களில் மறைந்த தமிழ்: 'சி-ஓ-என்' எழுத்துத்தொடரை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

ஆங்கிலப் பேரகராதிகளில் 'வழக்கிழந்தது', 'அருகிய வழக்கு' என்னும் குறிப்புகளோடு சில சொற்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒரு பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றவை. அச்சொற்களை அகரவரிசையில் நோக்குமிடத்து, அவற்றுள் பல ஒரே எழுத்துத்தொடரைக் கொண்டிருப்பது புலனாகும். சி, ஓ, என் என்னும் மூன்று உரோம எழுத்துகளின் தொடர் அவற்றுள் ஒன்று. கணக்கப்பிள்ளை என்னும் தமிழ்ச்சொல்லும், கஞ்சி என்னும் தமிழ்ச்சொல்லும், காஞ்சிபுரம் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வெழுத்துகளையே தலையில் சூடி ஆங்கில நூல்களில் நிற்கின்றன.

இவ்வொற்றுமை எவ்வாறு நேர்ந்தது, அது எதனை வெளிப்படுத்துகிறது, எதனை மறைக்கிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சொல்லாய்வு என்ற அளவில் மட்டும் இதனை நாம் மேற்கொள்ளவில்லை. பினாங்கிலும் செபராங் பிறையிலும் வாழ்ந்த தமிழரின் தொடக்ககால வரலாறு பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. அவ்வாவணங்களின் எழுத்தமைப்பைப் புரிந்துகொள்ளாத ஆய்வாளர், தம் முன்னோரின் பதிவைக் கண்முன் வைத்துக்கொண்டே அடையாளம் காணாமற்போகும் நிலை உண்டு.

ஹாப்சன்-ஜாப்சன் என்னும் அகராதி

இத்தகைய சொற்களுக்கு முதன்மைக் களஞ்சியமாக விளங்குவது 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியாகும். அதனைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் ஆகிய இருவர். பர்னல் சென்னை ஆட்சிப்பணியில் இருந்தவர்; தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றியவர்; தென்னிந்திய எழுத்தியல் பற்றி 1874-இல் நூல் வெளியிட்டவர். அவர் 1882-இல் மறைந்தார். எஞ்சிய பணியை யூல் நிறைவேற்றினார். வில்லியம் குரூக் விரிவுபடுத்திய இரண்டாம் பதிப்பு 1903-இல் வெளிவந்தது.

இவ்வகராதியின் பெயரே நம் பொருளுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது. முஹர்ரம் ஊர்வலங்களில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் துயரக்குரலை ஆங்கிலப் படைவீரர்கள் தங்கள் நாட்டு மக்கட்பெயர்களான ஹாப்சன், ஜாப்சன் என்பனவாகச் செவிகொண்டனர். அயற்சொல்லைத் தமக்குப் பழகிய ஒலிக்கும் எழுத்துக்கும் ஏற்ப வளைத்துக்கொள்ளும் இயல்பை மொழியியலார் பின்னர் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே வழங்கலாயினர். பினாங்கு மக்கள் நன்கறிந்த போரியாக் கலையும் அதே முஹர்ரம் விழாவிலிருந்து கிளைத்ததே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரே விழாவின் குரல் ஓரிடத்தில் கலையாக வளர்ந்தது. மற்றோரிடத்தில் அகராதியின் பெயராகத் திரிந்தது.

கணக்கப்பிள்ளை பெற்ற புது வடிவம்

கணக்கப்பிள்ளை என்னும் சொல்லை ஐரோப்பியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிந்துவிட்டனர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், 1544-ஆம் ஆண்டுக் கடிதங்களில் இச்சொல்லைக் கையாள்கிறார். அங்கு அது கணக்கெழுதுவோரை மட்டும் குறிக்கவில்லை. ஊர்தோறும் இறைவேண்டல்களைக் கற்பித்து, கோயிற்பணிகளைக் கவனித்துவந்த உபதேசியாரும் கணக்கப்பிள்ளை என்றே அழைக்கப்பட்டார். எழுத்தறிவு உடையவரே ஊரின் பொதுக்காரியங்களுக்கும் உரியவர் என்னும் அக்காலச் சமூக நிலை இதனால் அறியக்கிடக்கிறது.

17-ஆம் நூற்றாண்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் பதிவேடுகளில் இதே சொல் 'கானிகாப்பொலி' என்னும் ஒலிப்புக்குரிய வடிவில் காணப்படுகிறது. நகரக் கணக்கப்பிள்ளை என்னும் பதவியும் அங்கு இருந்தது. இவ்வடிவத்தின் எழுத்துகளைக் கூர்ந்து நோக்கினால், அதன் முதலும் ஈறும் ஆங்கிலேயர்க்குப் பழகியவை என்பது தெளிவாகும். முதலில் நிற்பது 'கூட' என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டின் வடிவம். அவ்வொட்டினைத் தாங்கிய சொற்கள் ஆங்கிலத்தில் எண்ணிறந்தன. ஈற்றில் நிற்பது தனியுரிமை வாணிகத்தைக் குறிக்கும் 'மொனாப்பொலி' என்னும் சொல்லின் ஈறு. தமிழ்க் கணக்கர் ஒருவர் இலத்தீன் தலைப்பாகையும் கிரேக்கப் பாதக்குறடும் அணிந்து பதிவேட்டில் நிற்கிறார் எனலாம்.

கணக்கு என்பதன் முதலெழுத்து 'க'வாக இருக்க, ஆங்கிலேயர் 'ஓ' என்னும் எழுத்தை ஏன் இட்டனர் என்னும் வினா எழும். ஆங்கிலத்தில் அவ்வெழுத்து எப்பொழுதும் ஒகர ஒலியைத் தருவதில்லை. காவலரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நாம் 'கான்ஸ்டபிள்' என்று வழங்கினாலும், ஆங்கிலேயர் நாவில் அதன் முதலசை ஏறத்தாழ 'கன்' என்றே ஒலிக்கும். மாயவித்தை செய்தலைக் குறிக்கும் 'கன்ஜர்' என்னும் சொல்லும் அத்தகையதே. அதன் எழுத்திலும் 'ஓ' உண்டு. எனவே தமிழின் குற்றுயிர் அகரத்தை 'சி-ஓ-என்' என்று எழுதியோர் செவிப்பிழை செய்தனர் என்று முடிவுகட்ட வேண்டுவதில்லை. அவர்கள் ஒலியை ஓரளவு சரியாகவே கேட்டு, தமக்குப் பழகிய எழுத்தால் எழுதினர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பின்வந்தோர் அவ்வெழுத்தைக் கண்டு ஒலியை மாற்றிக்கொண்டனர்.

கஞ்சியும் காஞ்சியும்

கஞ்சி என்னும் சொல் ஐரோப்பியர் எழுத்தில் ஏறிய வரலாறும் பழமையானது. கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துகேய மருத்துவர் கோவாவில் 1563-இல் வெளியிட்ட நூலில், நோயாளிக்குக் கொடுக்கும் அரிசி நீராகக் கஞ்சியைக் குறிப்பிடுகிறார். போர்த்துகேய எழுத்தில் அது அகரத்தோடுதான் உள்ளது. ஆங்கிலத்திற்கு வந்தபொழுது அதுவும் 'சி-ஓ-என்' வரிசையில் சேர்ந்துகொண்டது.

ஆயின் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளைக் கொண்ட வேறொரு பழஞ்சொல் முன்னரே இருந்தது. பழைய பிரெஞ்சு மொழி வழியாக இடைக்கால ஆங்கிலத்திற்கு வந்த அச்சொல், விடைபெறுதலையும் விடைபெறும்போது செய்யும் தலைவணக்கத்தையும் குறித்தது. இன்று அது வழக்கிழந்துவிட்டது. எழுத்தால் ஒன்றான இவ்விரண்டும் பிறப்பால் தொடர்பற்றவை. பழைய நூலொன்றில் ஒருவர் மற்றொருவர்க்குச் செலுத்தியது வணக்கமா, கொடுத்தது கஞ்சியா என்பதை எழுத்து அறிவிக்காது, இடமே அறிவிக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரிடையே 'கஞ்சி வீடு' என்னும் பொருள்படும் கூட்டுச்சொல் தோன்றியது. அது உணவு வழங்கும் அறச்சாலையைக் குறிக்கவில்லை. தவறிழைத்த படைவீரரை அடைத்துவைக்கும் தற்காலிகச் சிறையே அவ்வாறு அழைக்கப்பட்டது. அடைபட்டோர்க்குக் கிடைத்த உணவு சிறைக்கே பெயராயிற்று. தமிழில் கஞ்சித்தொட்டி என்றால் பஞ்சகாலத்தில் பசியாற்றும் இடம். படையினர் ஆங்கிலத்திலோ தண்டனைக்குரிய இடம். சொல் மட்டுமே பெயர்ந்து சென்றது. அதனோடு இயைந்த வாழ்வு பெயர்ந்து செல்லவில்லை.

காஞ்சிபுரம் 'கான்ஜிவரம்' என்றானதையும் இவற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். தமிழில் கஞ்சிக்கும் காஞ்சிக்கும் உள்ள வேறுபாடு குறில், நெடில் என்னும் அடிப்படை வேறுபாடாகும். தொடக்கப்பள்ளி மாணவரும் அதனை அறிவர். ஆங்கில எழுத்தில் அவ்வேறுபாடு முற்றும் அழிந்தது. பல்லவரின் தலைநகரும் ஏழையின் உணவும் ஒரே எழுத்துத்தொடரால் எழுதப்பட்டன.

இவ்வரிசையில் உள்ளவை அனைத்தும் தமிழே என்று துணிதலும் பொருந்தாது. வீட்டு மேற்பார்வையாளரைக் குறித்த 'கான்சுமா' பாரசீகத்திலிருந்து வந்தது. 'கான்கன்' என்பது கொங்கணக் கரையைக் குறிப்பது. ஒரே எழுத்துத்தொடர் என்பது ஒரே குடும்பம் என்பதற்குச் சான்றாகாது. ஆங்கிலச் சொற்களில் எல்லாம் தமிழைக் காணும் ஆர்வம் நம்மிடையே பரவலாக உள்ளமையால் இதனை வலியுறுத்திக் கூற வேண்டியுள்ளது. ஆவணச் சான்றும் ஒலிமாற்ற ஒழுங்கும் இல்லாதவிடத்து எழுத்தொற்றுமையை மட்டும் நம்புவது ஆய்வாகாது.

பள்ளியும் பிள்ளையும் பாளையமும்

கணக்கப்பிள்ளையின் ஈற்றில் நின்ற எழுத்துத்தொடர் வேறு இரு தமிழ்ச்சொற்களிலும் இடம்பெற்றுள்ளது. திருச்சிராப்பள்ளி ஆங்கிலத்தில் 'டிரிச்சினாப்பொலி' ஆயிற்று. அவ்வூர்ச் சுருட்டு ஆங்கில நாட்டில் பெற்ற புகழால் அச்சொல் சுருட்டின் பெயராகவும் வழங்கியது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையிலேயே அச்சுருட்டின் சாம்பல் துப்பாகப் பயன்படுகிறது. பாளையக்காரர் என்னும் சொல்லும் 'பாலிகர்' என்றாகி, சில எழுத்தாளரிடம் பலகோணத்தைக் குறிக்கும் வடிவியற்சொல்லின் தொடக்க எழுத்துகளையே பெற்றது. ஆக, பள்ளி, பிள்ளை, பாளையம் ஆகிய மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றாயின. கிரேக்கத்தில் 'பல' என்பதும் 'விற்றல்' என்பதும் அதே எழுத்துகளால் ஆங்கிலத்திற்கு வந்துள்ளன.

பாலிகர் என்னும் சொல் பினாங்கு வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு போரிட்டவர்களுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் அனுப்பப்பட்ட இடம் அன்று வேல்ஸ் இளவரசர் தீவு என்று வழங்கிய பினாங்கு ஆகும். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். சிறுவயதில் அவரை அறிந்திருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படை அதிகாரி, 1818-இல் பினாங்கில் அவரைக் கண்டதைத் தம் நினைவுக்குறிப்புகளில் பதிந்துள்ளார். அந்நூல் 1830-இல் வெளிவந்தது.

அக்கைதிகளைக் கும்பினி ஆவணங்கள் பாலிகர் என்றே குறிக்கின்றன. பாளையக்காரர் என்பது தமிழ்நாட்டில் பாடநூல்கள்வழிப் பரவிய சொல். பாலிகர் என்பதோ ஆங்கிலேயரிடையேயும் வழக்கொழிந்த சொல். இரண்டும் ஒன்றே என்று அறிந்தவர்க்கு, பினாங்கின் தொடக்ககாலத் தமிழருள் வணிகரும் படகோட்டிகளும் மட்டுமன்றி, கும்பினியை எதிர்த்துப் போரிட்டோரும் இருந்தனர் என்பது தெரியவரும். அறியாதவர்க்கு அது பொருள் விளங்காத ஒரு சொல்லாகவே கழிந்துவிடும்.

மலாய் மண்ணில் இச்சொற்கள்

தமிழும் ஆங்கிலமும் மலாயும் ஒருங்கு வழங்கும் நம் நாட்டில் இவ்வெழுத்துத்தொடரின் போக்கு மேலும் தெளிவாகிறது. கஞ்சி என்னும் சொல்லை மலாய்மொழி தன் ஒலிக்கேற்ப அகரத்தோடே ஏற்று, மாப்பசையைக் குறிக்கப் பயன்படுத்துகிறது. ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நோன்பு மாதத்தில் வழங்கப்படும் கஞ்சியைத் தமிழரும் மலாய்க்காரரும் அப்பெயராலேயே அறிவர். அதே நகரில் சீன உணவகங்களின் ஆங்கில உணவுப் பட்டியலில் அரிசிக்கூழ் 'சி-ஓ-என்' எழுத்துகளோடு காணப்படும். ஹொக்கியன் மொழியில் அவ்வுணவிற்கு வேறு பெயர் உண்டு. எனினும் ஆங்கிலப் பெயரைக் காண்போருள் பலர் அதனைச் சீனச் சொல்லென்றே எண்ணுவர். எழுத்து மாறியமையால் பிறந்த வீடு மறந்தது.

மலாய்ச் சொல்லுக்கும் இதே நிலை நேர்ந்துள்ளது. வேலி சூழ்ந்த வீட்டுவளாகத்தைக் குறிக்கும் 'காம்பவுண்டு' என்னும் ஆங்கிலச் சொல், கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு என்னும் கருத்தையே யூலும் பர்னலும் ஆதரித்தனர். கலவையைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லோடு அது எழுத்தால் ஒன்றாகிவிட்டது. இங்கு 'என்' இருக்கவேண்டிய இடத்தில் 'எம்' நிற்கிறது. இலத்தீன் முன்னொட்டு பகரத்தின் முன் அவ்வடிவையே கொள்ளும். இன்று நாம் 'காம்பவுண்டுச் சுவர்' என்கிறோம். சாலைக்குற்றத்திற்கான அபராதத்தை மலாயில் 'கொம்பாவுன்' என்கிறோம். முன்னதன் பிறப்பிடம் நம் அண்டையிலுள்ள கம்போங். பின்னது ஆங்கிலச் சட்டச்சொல்.

எழுத்தருக்குத் தோட்டப்புறத் தமிழில் 'கிராணி' என்று பெயர். மலாயிலும் அச்சொல் சிறு மாற்றத்தோடு உண்டு. வங்கத்தில் ஆங்கிலேயர் அதனைச் சுவரின் பிளவைக் குறிக்கும் 'கிரேனி' என்னும் தம் சொல்லின் எழுத்துகளாலேயே எழுதினர். கணக்கப்பிள்ளை என்னும் பெயரோ பினாங்கில் நகரத்தார் கிட்டங்கிகளில் நிலைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் அது நெடுங்காலம் பதவிப்பெயராக விளங்கியது. அங்கு அது 'கே' என்னும் எழுத்தோடு எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

எழுத்து காட்டும் காலம்

இக்'கே' எழுத்து நமக்கு ஒரு காலக்குறிப்பைத் தருகிறது. வில்லியம் ஜோன்ஸ் 1788-இல் கீழைமொழிச் சொற்களை உரோம எழுத்தில் ஒழுங்குற எழுதும் முறையை முன்வைத்தார். 1870-களில் வில்லியம் வில்சன் ஹன்டரின் முயற்சியால் அரசு அலுவல்களில் ஒரு சீர்முறை பரவியது. வழக்கில் ஊன்றிவிட்ட ஊர்ப்பெயர்கள் விலக்காக விடப்பட்டன. டிரிச்சினாப்பொலி அவ்வாறே 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

மலாயாத் தமிழரின் வரலாற்றில் நீங்காத இடம்பெற்ற கங்காணி என்னும் சொல் 'கே-ஏ-என்-ஜி' என்னும் எழுத்துகளோடு அரசு அறிக்கைகளில் நிலைபெற்றது இச்சீர்முறைக்குப் பின்னராகும். எழுத்துமுறையில் 'கண்காணி' என்பதே சொல்லாயினும், ஆங்கில எழுத்து 'கங்காணி' என்னும் மக்கள் பேச்சொலியைப் பதிந்துள்ளது. 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை முடிவுற்றது. அதன்பின் ஆள்திரட்டும் பணி பெரும்பாலும் உரிமச்சீட்டுப் பெற்ற கங்காணிகளிடமே இருந்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபொழுது அம்முறையும் ஓய்ந்தது.

கணக்கப்பிள்ளையும் கங்காணியும் தமிழில் ஏறத்தாழ ஒரே ஒலியில் தொடங்குகின்றன. முன்னது கணக்கையும் பின்னது கண்ணையும் அடியாகக் கொண்டவை. ஆங்கிலத்தில் அவை இருவேறு எழுத்துகளின் கீழ் அகராதியின் இருவேறு பகுதிகளுக்குச் சென்றுவிட்டன. கஞ்சியும் காஞ்சியும் தமிழில் வேறானவை. ஆங்கிலத்தில் அண்டைவீட்டார் ஆயின. வாணிகக் கும்பினியின் எழுத்தர் கேட்டெழுதிய காலத்தை 'சி-ஓ-என்' காட்டுகிறது. அரசு விதிகளின்படி எழுதிய காலத்தை 'கே-ஏ-என்' காட்டுகிறது. விலக்குகள் உண்டெனினும், நாளிடப்படாத ஆவணமொன்றின் காலத்தை மதிப்பிட இது துணைச்சான்றாகப் பயன்படக்கூடும்.

ஆய்வுக்கு இதனால் விளைவது

பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் போன்ற பகுதிகளில் தமிழ்ப்பள்ளியில் பயிலும் மாணவர் ஒரே உரோம எழுத்தை இருமொழிகளில் இருவேறு ஒலிகளோடு கற்கின்றனர். 1972-ஆம் ஆண்டு மலாய் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின், மலாயில் 'சி' என்னும் எழுத்து சகர ஒலியைத் தருகிறது. நம் பல்லாங்குழியை ஒத்த 'சொங்காக்' விளையாட்டின் பெயரும் 'சி-ஓ-என்' என்றே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் கஞ்சிக்குரிய எழுத்துகளும் அவையே. மாக் மண்டின் என்னும் மலாய்ப் பெயரும் தமிழில் எழுதப்படும்பொழுது 'ண்ட' என்னும் நம் மெய்ம்மயக்கத்தைப் பெற்றுவிடுகிறது. ஆங்கிலேயர் நம் சொற்களுக்குச் செய்ததையே நாமும் பிறர் சொற்களுக்குச் செய்கிறோம். இது குறைகூறுதற்குரியதன்று, மொழிகள் அண்டிவாழும் இடங்களின் இயல்பு.

ஆயினும் அதன் விளைவை ஆய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் பழைய நாளிதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் தேடுவதற்கு வழிசெய்துள்ளது. தேடுபொறி எழுத்தை மட்டுமே அறியும்; சொல்லை அறியாது. கணக்கப்பிள்ளை என்பதற்கு இன்றைய முறைப்படி உரோம எழுத்திட்டுத் தேடும் மாணவர்க்குக் கும்பினிக்கால வடிவங்கள் அகப்படமாட்டா. பாளையக்காரரைத் தேடுவோர்க்குத் துரைசாமியின் தோழர்கள் அகப்படமாட்டார்கள். ஆவணத்தில் இல்லை என்று அவர்கள் முடிவு செய்வார்களாயின், அம்முடிவு வரலாற்றின் குறையாகாது, எழுத்தின் குறையேயாகும்.

முடிவுரை

'சி-ஓ-என்' என்னும் எழுத்துத்தொடர் தமிழ்ச்சொற்களின் உறவைக் காட்டுவதன்று. அது கேட்டவரின் எழுத்துப்பழக்கத்தையும், எழுதிய காலத்தையும் காட்டுவது. ஆகவே இச்சொற்களை அணுகுவோர் எழுத்திலிருந்து ஒலிக்கும், ஒலியிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து அச்சொல்லுக்குரிய தொழிலுக்கும் படிப்படியாகப் பின்சென்று காணுதல் வேண்டும். எழுத்தொற்றுமையைக் கண்ட அளவில் நின்றுவிடுதல் கூடாது.

மலாயாத் தமிழர் தொடர்பான ஆங்கில ஆவணங்களில் பயிலும் இத்தகைய சொல்வடிவங்களைத் தமிழ் அகரவரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றின் ஆங்கில எழுத்து வேறுபாடுகளையும் அவை தோன்றும் காலத்தையும் உடன்தரும் அட்டவணை ஒன்று இன்றைய தேவையாகும். கணக்கப்பிள்ளை, கங்காணி, கிராணி, தண்டல், பாளையக்காரர், கூலி ஆகிய சில சொற்களைக் கொண்டே அதனைத் தொடங்கலாம். அப்பெயர்களைத் தாங்கிய தலைமுறை மறைந்துவருகிறது. தோட்டப்புறத்தில் கிராணி என்றும் தண்டல் என்றும் அழைக்கக் கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே உள்ளபொழுதே அப்பணி நிறைவேறுமாயின், அகராதிகளில் வழக்கிழந்தனவாகக் கிடக்கும் சொற்களுக்கு உரியோர் யாவர் என்பதை அடுத்த தலைமுறைக்குச் சான்றோடு காட்ட இயலும்.